களிமண் நாய்க்கு வைத்த பிஸ்கட்

செவ்வாய்க்கிழமை காலையும் களிமண் நாயின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு பிஸ்கட் கிடந்தது.

“ஆரின்ர சேட்டை இது?” என்று வைதேகி கத்தினாள்.

மெல்பேர்னின் அந்தச் சிறிய மியூசியத்தில், பழைய மெக்சிகோவின் மண் உருவங்களுக்கு அவள்தான் பொறுப்பு. இரண்டாயிரம் வருடங்களுக்கு முந்தைய சமாதியிலிருந்து வந்த நாய் அது. கொழுத்த வயிறு, நிமிர்ந்த காது.

“சின்னப்பிள்ளையளா இருக்கும், அக்கா,” என்றான் காவலாளி தர்மேந்திரன்.

‘சாப்பாடு வைக்கக் கூடாது’ என்று அறிவிப்பு ஒட்டினாள். அதுவரை ஒருவருக்கும் வராத யோசனையை அந்த அறிவிப்பே சொல்லிக் கொடுத்தது. மறுநாள் இரண்டு சொசேஜும் ஒரு எலும்பும் கிடந்தன.

“இதென்ன நாய்க்கூடா? செத்தவைக்கு வழி காட்ட எண்டு சமாதிக்குள்ள வைச்ச நாய்! ஒருத்தருக்கும் மரியாதை தெரியாது!”

“என்னை ஏன் பேசுறீங்கள், அக்கா? நான் எலும்பு வைக்கேல்ல.”

கோபத்தோடு, அது செத்தவர்களுக்கு வழி காட்டும் நாய் என்பதையே பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டாள். வாசித்தவர்கள் கண் கலங்கினார்கள். வெள்ளிக்கிழமைக்குள், செத்துப்போன வளர்ப்பு நாய்களின் படங்களும் கழுத்துப் பட்டைகளும் குவிந்தன.

கயிறு கட்டி மறித்தாள். கயிறு கட்டியதும் இடம் கோயில் மாதிரியே ஆகிவிட்டது. யாரோ மெழுகுதிரி கொளுத்த, அலாரம் அலறி, முழுக் கட்டடமும் வீதிக்கு வந்தது.

தீயணைப்புக்காரர் போன கையோடு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: நாயை நாளைக்கே நிலவறையில் வைத்துப் பூட்டவேண்டும்.

அந்த நாயைப் பார்வைக்கு வைக்க வைதேகி மூன்று வருடம் சண்டை பிடித்திருந்தாள்.

தரையில் முழங்காலிட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் துப்புரவுக்காரி ரோசா. வைதேகி அவளிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள்.

“எல்லாம் அந்த முதல் பிஸ்கட்டால வந்த வினை! அதை வைச்ச ஆள் மட்டும் என்ர கையில கிடைக்கட்டும். நக்கலடிக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையா? அந்தச் சனங்கள் இந்த நாயை எவ்வளவு நம்பிச்சினம் எண்டு உங்களுக்கு என்ன தெரியும், ரோசா?”

ரோசா சுரண்டுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் மெக்சிகோக்காரி, மேடம், என்ர மனிசன் செத்து இண்டைக்குப் பதினாறு நாள், அவரைக் கூட்டிக்கொண்டு போற நாய் பட்டினியோட நடக்கலாமோ?”