பிரஷ் இல்லாத மோட்டாருக்கு அனுமதி

1998 ஏப்ரலில், நீலசந்திராவில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பழைய மோட்டார் நின்றுவிட்டது. அதில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் பிரஷ் என்ற கரித்துண்டுகள் தேய்ந்து தீர்ந்திருந்தன. பிரஷ்ஷே இல்லாத மோட்டார் வாங்கலாம் என்று மெக்கானிக் முனியப்பன் யோசனை சொன்னார். அதுதான் அவர் செய்த குற்றம்.

குடிநீர் அதிகாரி சுந்தரமூர்த்தி உத்தமர். லஞ்சம் வாங்கமாட்டார், வேலையும் செய்யமாட்டார். ஆய்வுப் படிவத்தின் ஏழாவது கேள்வி, 'பிரஷ்ஷின் நிலைமை யாது?' அதற்கு விடை எழுதாமல் எந்த மோட்டாரும் ஓடலாகாது.

முதலில் இண்டக்‌ஷன் மோட்டார் வந்தது.

"பிரஷ் எங்கேய்யா?"

"இதுல கிடையாது சார். வெளிச்சுத்துல இருக்கிற காயில் கம்பிச்சுருள்ல காந்தப்புலம் சுத்தும். அதுவே உள்ள இருக்கிற உருளைல கரண்டைத் தூண்டி, கூடவே இழுத்துக்கினு போவும். உருளைக்கு ஒயரே வேணாம்."

"ஒயர் இல்லாம கரண்ட் எடுக்குதா? திருட்டு கனெக்‌ஷன். ரிஜெக்ட்!"

அடுத்தது காந்த மோட்டார்.

"இதுல சுத்துறதே காந்தம்தான் சார். அது எங்க இருக்குதுன்னு சென்சார் சொல்லும். உடனே எலக்ட்ரானிக் போர்டு அடுத்த காயிலுக்குக் கரண்டை மாத்திடும்."

"உடனேவா? நடுவுல யார் கையெழுத்து?"

"யாரும் இல்ல சார்."

"அதிகார மீறல். ரிஜெக்ட்!"

பதினோரு நாள் ஆயிற்று. பிள்ளைகள் முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போனார்கள். வெறுத்துப்போன முனியப்பன், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய கைப்பிடி அளவு மோட்டாரை அதிகாரியின் மேஜையில் வைத்தார்.

"இது ஸ்டெப்பர் சார். ஒரு ஆர்டர் குடுத்தா ஒரு ஸ்டெப் மட்டும் திரும்பும். அடுத்த ஆர்டர் வர்ற வரைக்கும் ஆடாம அசையாம நிக்கும்."

சுந்தரமூர்த்தி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கத்தைப் பார்த்ததில்லைய்யா!"

ஏழாவது கேள்விக்கு எதிரே 'பிரஷ் தேவையில்லை. நடத்தை திருப்திகரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சார், இது பம்பை அசைக்கக்கூட அசைக்காது."

"அதைப் பத்திப் படிவத்துல கேள்வியே இல்லையே?"

ஸ்டெப்பருக்கு மாலை போட்டுத் திறப்பு விழா நடந்தது. முனியப்பன் ரகசியமாக பம்பு ஷெட்டுக்குப் பின்னால் இண்டக்‌ஷன் மோட்டாரை ஓடவிட்டிருந்தார். குழாயில் தண்ணீர் கொட்டியது. தெருவே கைதட்டியது. ஸ்டெப்பருக்குக் கற்பூரம் காட்ட ஆரம்பித்ததும் முனியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"அது இல்லம்மா! தண்ணி ஏத்துறது பின்னாடி ஓடுற ரிஜெக்ட் மோட்டாரு!"

கைதட்டல் நின்றது. எதிர்வீட்டு வனஜா நிறைகுடத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாது? ஆபீசர் பாஸ் பண்ணாத தண்ணியவா எங்க புள்ளைங்களுக்குக் குடுக்கப் பாத்தே?"

குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பின்னாலேயே தெரு முழுக்கக் கவிழ்த்தது. அந்த மோட்டாரை நிறுத்த வைத்த பிறகுதான் அடங்கினோம்.

என் இரண்டு குடங்களையும் கவிழ்த்துவிட்டு, ஸ்டெப்பரின் குழாய்க்கு எதிரே நானும் வரிசையில் நின்றேன். நாற்பத்து மூன்றாவது ஆள். எனக்கு முன்னால் ஒருவர் குடத்தோடு நுழையப் பார்த்தார். சும்மா விடுவேனா, சட்டையைப் பிடித்துவிட்டேன்.