வீடு தேடுவோரும் 'வேண்டாம்' அண்ணரும்

வாசகரே, வாடகை வீடு தேடி நீங்கள் எந்த ஊரில் போய் இறங்கினாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்னரே உங்கள் முன்னால் வந்து நிற்கும் ஓர் இனம் உண்டு. 'வேண்டாம்' அண்ணர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எல்லா ஊரிலும் இருப்பார். திருகோணமலையில் அவர் பெயர் தம்பிராசா.

பிரகலாதனுக்கு வவுனியாவிலிருந்து இங்கே இடமாற்றம். மனைவி நிருஜா, இரண்டு பிள்ளைகள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது, வீடுதான் இல்லை. மூன்று வாரமாக நாலு பேரும் சித்தப்பா வீட்டு விறாந்தையில் படுக்கிறார்கள். சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர் யார்? தம்பிராசாவேதான்.

உவர்மலையில் ஒரு வீடு வந்தது. "வேண்டாம் தம்பி, ஏத்தம். சந்தைப் பையோட ஏறி வாறதுக்குள்ள கத்தரிக்காய் வாடிப்போம்." கடற்கரையோரம் ஒன்று வந்தது. "உப்புக் காத்து. அலுமாரி துருப்பிடிக்கும்." பாலையூற்றில் வந்தது. "தூரம்." பஸ் நிலையத்தடியில் வந்தது. "கிட்ட." நகரின் நடுவே, மான்கள் தெருவில் உலாவும் பக்கத்தில், வந்ததற்குத்தான் முழுப் பிரசங்கம்: "அங்க மான் வரும். மான் வந்தா நாய் குலைக்கும். நாய் குலைச்சா பிள்ளை படிக்காது. பிள்ளை படிக்காட்டி நாளைக்கு உங்களை ஆர் பாக்கிறது?" ஒரு மானால் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. பிரகலாதன் நடுங்கிப்போனான். அந்த வீட்டை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் கடைசி ஆயுதம், கிணற்றுத் தண்ணீர். கடலோர ஊர் அல்லவா, உவராக இருக்குமோ என்ற பயத்தில் இங்கே வீடு பார்ப்பவர்கள் கிணற்றில் ஒரு போத்தல் பிடித்து வந்து தேத்தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது வழக்கம். தம்பிராசா தேத்தண்ணீர் வரைக்கும் பொறுக்கமாட்டார்; ஒரு மிடறு வாயில் விட்டு, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, தலையை ஆட்டி, பக்கத்தில் நிற்பவர் விலகுவதற்கும் நேரம் கொடாமல் முற்றத்தில் துப்புவார். தீர்ப்பு முடிந்தது.

சனிக்கிழமை லிங்கநகரில் ஒரு வீடு சரிவந்தது. நல்ல அயல், கையைக் கடிக்காத வாடகை, பள்ளிக்கூடம் நடைதூரம்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்கோ, வேற ஆக்களும் கேக்கினம்" என்றார் வீட்டுக்காரர்.

பிரகலாதனோ, "தம்பிராசா அண்ணை ஒருக்காக் குடிச்சுப் பாக்கட்டும்" என்று அந்தக் கிணற்றுத் தண்ணீர்ப் போத்தலோடு சித்தப்பா வீட்டில் வந்து நின்றான். நிருஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போத்தலைப் பறித்துக்கொண்டு குசினிப் பக்கத்தால் பின்வளவுக்குப் போனவள், சற்று நேரத்தில் திரும்பி வந்து, அதற்குள் விறாந்தைக்கு வந்துவிட்ட தம்பிராசாவிடம் அதை நீட்டினாள்.

மிடறு. உருட்டல். துப்பல்.

"சீ! இதுவும் ஒரு தண்ணியோ? இதைக் குடுத்துப் பிள்ளை வளக்க ஏலாது. அந்தக் கிணத்துக்காரன் எப்பிடித்தான் உயிரோட இருக்கிறானோ!"

"இருபத்தெட்டு வருசமா இருக்கிறீங்கள்தானே அண்ணை" என்றாள் நிருஜா. "லிங்கநகர்த் தண்ணியை வெளியில ஊத்திப்போட்டு உங்கட கிணத்திலதான் அள்ளினனான்."

தம்பிராசா போத்தலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, அந்த லிங்கநகர் வீடு எப்பிடி? நல்லமோ?" என்றார்.

"வேண்டாம் அண்ணை. அங்க மான் வரும்."

நாலே முக்காலுக்குப் பிரகலாதன் வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தான்.

நீங்கள் இந்த இனமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சந்தேகம். லிங்கநகர் வீட்டின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நான் சொல்லவேயில்லையே என உங்களுக்கு இவ்வளவு நேரமும் உறுத்தியதா? அப்படியானால் எழுந்து போய், உங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள்.