சும்மா ஜாலிக்கு ஒரு பாய்மரப் பந்தயம்

சண்டைக்காரரை நம்பலாம். சட்டைக் கையை மடக்கும்போதே தெரிந்துவிடும். "சும்மா ஜாலிக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே பந்தயத்துக்கு இழுக்கிறாரே, அந்த நட்புப் போட்டிக்காரரை மட்டும் நம்பாதீர்கள். மழைக்கு ஒதுங்கினாலும் அடுத்தவருக்கு முன்னால் ஒதுங்குவார். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாத மலை ஏறினால், கும்பிடுவதை மறந்து, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துப் பூரிப்பார்.

எங்கள் ஹட்டனில் இந்த இனத்துக்குச் சூசைரட்ணம் என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பழக வருகிறவர்களுக்கு நிதானத்தைப் போதித்துவிட்டு, வீடு திரும்பும்போது வளைவில் பஸ்ஸை முந்துவார்.

மகள் நிரோஜினியின் கலியாணம் எங்கே, எப்போது என்று பேசி முடிக்க, கினிகத்தேனை ஊர்ச் சம்பந்தி சவரிமுத்துவின் குடும்பத்தோடு நீர்த்தேக்கத்தில் படகுப் பயணம் ஏற்பாடானது. உயரமான பாய்மரம் வைத்த இரண்டு படகுகள். அக்கரையில் இறங்கிச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று திட்டம். கலியாணம் ஹட்டன் மாதா கோயிலில்தான் நடக்கவேண்டும் என்பது சூசைரட்ணத்தின் பெரிய ஆசை. அதை வாயைத் திறந்து கேட்கவேண்டியதுதான் பாக்கி.

கேட்டாரா?

"சம்பந்தி, அக்கரைக்கு யாரு மொதல்ல? சும்மா ஜாலிக்குத்தான்!"

"நமக்குள்ள என்னங்க போட்டி?" என்று சிரித்தார் சவரிமுத்து.

"ஜெயிக்கிறதா முக்கியம்?" என்றார் நம்மவர். தோற்கும் உத்தேசமே இல்லாதவர்கள் பேசுகிற பேச்சு இது. உடனே சோற்றுப் பானை, கோழிக்கறிச் சட்டி, தண்ணீர்ப் போத்தல்கள், அவற்றுக்குக் காவலாக மனைவி றோசலின், மகள் என்று கனமான அனைத்தையும் சம்பந்தியின் படகில் ஏற்றினார்.

"எதுக்குங்க எல்லாம் அங்க?" என்றார் றோசலின்.

"சம்பந்தி வீட்டுக்கு மரியாத செய்ய வேணாமா?"

பக்கத்து வீட்டுக்காரனான என்னை மட்டும், ஒல்லி என்ற ஒரே தகுதிக்காகத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். பாய்க்கயிறு பிடித்த படகுக்காரப் பையன் சுமனை, "தம்பி, கியர மாத்துங்க!" என்று வழியெல்லாம் விரட்டினார். முதலில் கரை சேர்ந்தோம். இரண்டு கையையும் தூக்கி ஆடினார். திரும்பிப் பார்த்தால், காற்று செத்துவிட்டது. சம்பந்தியின் படகு நடுத்தண்ணீரில் ஆணி அடித்ததுபோல நிற்கிறது. அங்கே பானை திறக்கிறார்கள், தட்டு நீட்டுகிறார்கள். எனக்குப் பசியில் அழுகையே வந்தது.

"நான் வராம ஒண்ணும் பேசிறாதீங்க!" என்று கத்தினார் சூசைரட்ணம். வெற்றிக் கூச்சல் என்று நினைத்து அவர்களும் கையசைத்தார்கள்.

மறுபடி காற்று வந்து அவர்கள் கரை சேர்ந்தபோது பானை காலி.

"பேசி முடிச்சாச்சுங்க. மே மாசம், கினிகத்தேனை கோயில்ல," என்றார் றோசலின்.

"என்னைய கேக்காமயா?"

"நீங்கதான் மொதல்ல போய்ட்டீங்களேப்பா," என்றாள் நிரோஜினி.

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அதுவும் கொஞ்ச நேரம்தான். சம்பந்தியின் தோளில் கைபோட்டு மெல்லக் கேட்டார்: "இருந்தாலும் நாங்கதானே மொதல்ல வந்தோம்?"

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் உங்கள் தோளுக்கு மேலால் எட்டி இதை வாசிக்கிறாரே பக்கத்து சீட்காரர், அவருக்கு முன்னால் இந்த வரிக்கு வந்துவிட்டதில் உங்களுக்கு ஏன் இத்தனை சிரிப்பு?