நாலு பக்கமும் கேட்ட ஒரு "ம்"

அன்புள்ள அத்தைக்கு,

சின்னவள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் முட்டிவலி இப்போது குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் கவனித்தது, அப்பா மின்விசிறியை அணைத்ததைத்தான். வேர்த்துக் கொட்டும் மத்தியானத்தில் யாராவது அப்படிச் செய்வார்களா? பள்ளியை விட்டு நின்ற நான் அடுத்து என்ன செய்ய நினைக்கிறேன் என்று, இரைச்சல் இல்லாமல் என்னை ஆராயப்போகிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. உங்கள் அண்ணன் வேலை உங்களுக்குத் தெரியும். கடலுக்கு அடியில் புதைந்திருக்கும் பாறைகளைப் படம் பிடிக்க, கப்பல் எந்த வழியில் போய் எங்கே சத்தம் எழுப்ப வேண்டும், திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும் கருவிகள் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போடுவது. மேலே உப்புப் பாறை கனமாக இருந்தால் சத்தம் சிதறிவிடுமாம், பல திசைகளிலிருந்தும் அனுப்பிப் பார்க்க வேண்டுமாம். எங்கள் வீட்டு உப்புப் பாறை நான்.

அம்மாவைச் சமையலறை வாசலிலும் அக்கா கணவரை ஜன்னலோரமும் நிறுத்தினார். உங்களைப் போனில் பிடித்து என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்தார். "என்னம்மா செய்யப்போற?" என்று எதிரில் நின்று கேட்டார். நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப்போட்டு அதையே கேட்டார்.

"எத்தனை தடவைங்க கேப்பீங்க?" என்றார் அம்மா.

"கேள்வி ஒண்ணுதான், திசைதான் வேற. நீ பேசாத, இரைச்சல் விழுது."

அவர் பேச்சை யார் கேட்டார்கள்? "பள்ளிக்கூடத்துக்கே போயிடுறியா?" என்று அம்மாவும், "பையன் விஷயம் ஏதாவதா?" என்று அத்தானும், "என் தையல் கடைக்கு வந்துடுறியாடி மருமகளே?" என்று நீங்களும் ஒரே நேரத்தில் கேட்டீர்கள். நான் "ம்" என்றேன்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாக் கப்பலும் ஒண்ணா சத்தம் போட்டா, எது எதோட எதிரொலின்னு நான் எப்படிப் பிரிப்பேன்?"

இப்போது அம்மா சீருடைத் துணி வாங்கிவிட்டார். அத்தான் தெருவில் போகும் சைக்கிளையெல்லாம் முறைக்கிறார். நீங்கள் சனிக்கிழமை பஸ்ஸில் வரச்சொல்லி, எனக்கென்று ஒரு மெஷினே ஒதுக்கிவிட்டீர்களாம்.

அத்தை, எனக்குப் படிப்பு பிடிக்கும். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பதுதான் முடியவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். வீட்டிலிருந்தே படித்துத் தனியாகப் பரீட்சை எழுதப்போகிறேன். கடைக்கு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவிடமும் இன்றே சொல்லிவிடுவேன். இனி யார் கேட்டாலும் "ம்" கிடையாது.

மாமாவுக்கு என் வணக்கம், குட்டிப்பயல் கன்னத்துக்கு ஒரு கிள்ளு.

உங்கள் மருமகள்

பி.கு.: இதை மடிக்கும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை ஊருக்கு டிக்கெட் எடுத்துடவாம்மா?" என்றார். "ம்" என்றேன். அவர் தெருமுனைக்கே போய்விட்டார். மின்விசிறியை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி "அப்பா" என்று கத்தினேன்.