ஆரஞ்சு நட்சத்திரமும் ஆறு இஞ்சுக் குழாயும்

அவிநாசிபாளையத்தில் பஸ் நிற்கும் முன்பே ஜனம் குதித்தது. தாராபுரம் ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அத்தனை பேர் மேலும் ஆரஞ்சு பனியன். ஊருக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுக்கும் திருப்பூர்க்காரர்கள், 'கிரகக் கவசம்' என்று சொன்னதும் அதே பனியனை முன்னூறு ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள். நானும் ஒன்று வாங்கிச் சட்டைக்கு மேலே மாட்டியிருந்தேன். மறைப்பானேன்!

எல்லாம் 'விண்மணி' சென்னியப்பன் செய்த வேலை. போன வருஷம் வரைக்கும் குண்டடம் பக்கம் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர். தேங்காய் எழுந்து நின்ற இடத்திலெல்லாம் போர் போட்டார்கள், புகைதான் வந்தது. விவசாயிகள் தேட ஆரம்பித்ததும் மனிதர் பூமியைக் கைவிட்டு வானத்துக்கு மாறிவிட்டார். வானத்தை யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

அவர் பிடித்தது எப்சிலான் எரிடானி. பாவம், அந்த நட்சத்திரத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் சூரியனைவிடக் கொஞ்சம் சின்னது, சூடும் குறைவு, அதனால் ஆரஞ்சு நிறம். தூரம் பத்தரை ஒளியாண்டு. வானக் கணக்கில் பக்கத்து வீடு. ஒரு கிரகம் அதைச் சுற்றி வர ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். அவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் நிறுத்துவாரா?

"ஏழு வருசம் சொச்சமுங்க! ஏழரைக்குப் பக்கத்துல வருதுங்களா, இல்லீங்களா? சனியோட பங்காளிங்க இவன். இத்தனை நாளாக் கண்ணுல சிக்காம ஒளிஞ்சிருந்தவன்!"

மைக்கில் இதைக் கேட்டதும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

முன்வரிசையில் லிங்கசாமி. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி முதலாளி. நான் அவருக்குப் பாலிபேக் சப்ளை செய்பவன். அவர் அனுப்பிய ஆரஞ்சு டி-ஷர்ட் மொத்தமும் திரும்பி வந்திருந்தது. உடம்பு ஒரு ஆரஞ்சு, கை வேறு ஆரஞ்சு என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் எழுதிவிட்டான். போன வாரம் இதைக் கேட்டதுமே சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்க கம்பெனியில தெக்கத்திப் பொம்பளை ஒருத்தி நின்னுக்கிட்டே வேலை செய்யறாங்க. பேரு 'மு'வுல ஆரம்பிக்கும். கெரகம் அவங்க மேலதானுங்க உக்காந்திருக்குது. சனிக்கிழமைக்குள்ள அனுப்பிப்போடுங்க."

அடடா, என்ன தீர்க்கதரிசனம்! தைத்த துணியில் குறை தேடும் திருப்பூர் செக்கிங் டேபிளில் தெற்கே இருந்து வராத பெண்ணைக் கண்டுபிடித்திருந்தால் அல்லவா அது அதிசயம்? நின்றுகொண்டு பார்க்காமல் படுத்துக்கொண்டா செக்கிங் பார்ப்பார்கள்?

அகப்பட்டவள் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கம் ஊர். ஒன்பது வருஷமாகச் செக்கிங். குடியிருப்பது கம்பெனி கொடுத்த லைன் வீட்டில். மகள் பிரியங்காவுக்கு அடுத்த மாதம் பிளஸ் டூ பரீட்சை. வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? அநியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆர்டர் போய்விடுமே!

அனுப்புவதற்கு முன் தோஷக்காரி கிரகத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம், பரிகாரம். அதற்காக லிங்கசாமியே அவளைக் காரில் கூட்டி வந்திருந்தார்.

"தப்பா நெனைச்சுக்காத அம்மணி. நீ நல்ல புள்ளதான். கெரகம் அப்படி இருக்குது."

"நான் அந்தக் கெரகத்த ஏதும் சொன்னேனா மொதலாளி? அது எதுக்கு எம் பொழப்புல வந்து உக்காருது?"

இருட்டறை. குழாய் பக்கத்தில் சென்னியப்பன், முத்துப்பேச்சியோடு லிங்கசாமி, பின்னால் நான். ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஆறு இஞ்சு பிவிசி குழாய். பழைய போர் தொழிலில் மிஞ்சியதுதான். பட்டப்பகலில் நட்சத்திரம் காட்டும் குழாயாம். முத்துப்பேச்சி கண்ணை வைத்தாள். நடுவில் ஆரஞ்சுப் புள்ளி, அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தது ஒரு கறுப்புப் பொட்டு. மற்றவர்கள் பார்த்ததும் கும்பிட்டு நகர்ந்தார்கள், இவள் நகரவில்லை. துணியில் ஊசி ஓட்டை தேடுகிறவள், நிதானமாகத்தான் பார்ப்பாள்.

"சாமி, வெளிய மேகம் மூடித் தூறல் போடுது. சூரியனையே காணல. இது மட்டும் எப்படித் தெரியுது?"

"சக்தி அம்மணி, சக்தி."

"ஒரு சுத்துக்கு ஏழு வருசம்னு சொன்னிய. நான் பாக்கையிலேயே ரெண்டு சுத்து சுத்திட்டே?"

"அது... ஞானக்கண்ணுக்கு வேகமாத் தெரியுமுங்க."

"சரி. மொதலாளி, நீங்க கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டே இருங்க."

விறுவிறுவென்று வெளியே வந்தாள், நானும் பின்னாலேயே வந்தேன். "அண்ணே, அந்தப் பனியனக் கழத்துங்க" என்றாள் என்னிடம். கழற்றிக் கொடுத்தேன். நாலாக மடித்துக் குழாயின் வெளிவாயில் திணித்து அடைத்தாள்.

"மொதலாளி! தெரியுதா?"

"ஜம்முனு தெரியுது அம்மணி! சுத்தறானே!"

"செத்த வெளிய வாங்க."

வந்தார். அடைத்த வாயைப் பார்த்தார். உள்ளே ஓடிக் குழாயில் பார்த்தார். மறுபடி வெளியே வந்தார். மூன்று தடவை இப்படி ஓடியதில் கூட்டமும் அவர் பின்னாலேயே ஓடியது.

"ஏனுங்க, கெரகத்தோட கதிரு துணியத் தாண்டியும்..." என்று சென்னியப்பன் ஆரம்பித்தார். லிங்கசாமி குழாயைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே சீரியல் செட் பல்பு ஒன்று, சுவர்க் கடிகார மிஷின் ஒன்று. நொடி முள்ளின் நுனியில் ஒட்டிய கடுகுதான் சனியின் பங்காளி. முத்துப்பேச்சி பேட்டரியைக் கழற்றினாள். கிரகம் நின்றது.

சென்னியப்பன் ஓடினார். கூட்டத்தில் குண்டடத்து விவசாயிகள் இரண்டு பேர் இருந்தது அவர் கிரக நிலையில் இல்லை போலும். பிடித்துப் போலீசில் கொடுத்தார்கள்.

லிங்கசாமி தலையைச் சொறிந்தார். "அப்ப ஷேடு எதுனால மாறுச்சு?"

"உடம்புத் துணிக்குச் சாயம் ஏத்துன டையிங் லாட்டு ஒண்ணு, கைத்துணிக்கு வேற லாட்டு. நம்ம டியூப் லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். நெறம் ஒத்துப் பாக்குற லைட் பாக்ஸுல பையர் கடை வெளிச்சத்துக்குன்னு ஒரு பல்பு இருக்குல்லா, அதுலதான் வேசம் கலையும். அது பீசு போயி எட்டு மாசம். எத்தன தடவ சொன்னேன்!"

அவருக்கு முகம் செத்துவிட்டது. "திங்கக்கெழமை நீ வழக்கம்போல வேலைக்கு வந்துரு அம்மணி."

"நான் வாரேன். பல்பு வருமா?"

"வந்துரும். நல்ல நேரம் பாத்து மாட்டிப்போடலாம்."

"ஸ்விட்சப் போட்டா எமகண்டத்துலயும் எரியும் மொதலாளி!"

பத்தரை ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற கிரகம் நம் டி-ஷர்ட்டின் கையை நிறம் மாற்றும் என்றால் நம்புகிறோம். பக்கத்தில் நின்று எட்டு மாசமாகச் சொல்கிறவளை நம்ப மாட்டோம். ஐயா, இந்தத் தலையைப் பனியனுக்குள் நுழைக்க மட்டும்தான் வைத்திருக்கிறோமா?