மூன்றாவது குழி

இரண்டாவது குழிக்குள் நின்ற லைன் வேலைக்காரர் ஒரு பிடி ஜல்லியை அள்ளிக் காட்டினார். "தூசிதான் பறக்குது. ஈரம்னு பேருக்குக்கூட இல்ல."

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "ரேடாரம்மா, உங்க பெட்டி பொய் சொல்லுதே."

"பெட்டி பொய் சொல்லாது சார். ரெண்டு தடவையும் நான் மார்க் போட்ட இடத்தை விட்டுட்டு நீங்கதான் தள்ளித் தோண்ட வெச்சீங்க."

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்லம்மா?"

அவள் பல்லைக் கடித்தாள். தண்டவாளத்தின்மேல் உருட்டிப்போகும் அந்த மஞ்சள் பெட்டி தரைக்குள் ரேடார் அலையை அனுப்பும். ஜல்லி காய்ந்து சுத்தமாக இருந்தால் அலை பேசாமல் இறங்கிப் போகும். அடியில் தண்ணீர் ஊறிச் சேறாகியிருந்தால் முட்டிக்கொண்டு திரும்பும். இந்த வளைவில் அலை முட்டு முட்டென்று முட்டியது. சேற்றின்மேல் நிற்கிற தண்டவாளம் ஒருநாள் வண்டியோடு சாயும்.

இன்றைக்கு அதை நிரூபிக்காவிட்டால் பெட்டி ஸ்டோருக்குப் போகும். அவள் ஆபீசில் கடிதங்களுக்கு எண் போடப் போவாள். பெரிய ஆபீசர் வேறு நேரில் வந்துகொண்டிருந்தார். வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்குத் தோற்றுவிட்டுப் போகிற சொகுசெல்லாம் கிடையாது.

மறுபடி பெட்டியை உருட்டித் திரையைப் பார்த்தாள். "சேத்துக்கு நடுவுல இது என்ன சார்? கவுத்து வெச்ச கிண்ணம் மாதிரி. ஏதோ குறுக்கால போகுது."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அது... பழைய கேபிள். செத்து எத்தனையோ காலமாச்சு. விடுங்க, வாங்க ஒரு டீ குடிக்கலாம்."

"செத்த கேபிள்தானே? அடிபட்டாலும் அழாது."

தன் மார்க்கிலேயே கடப்பாரையை இறக்கினாள். "வேணாம்மா, சொன்னாக் கேளும்மா" என்று அவர் தடுக்கத் தடுக்க அவளுக்கு வேகம் ஏறியது. மேலே காய்ந்த கல்தான். இன்னும் ஓங்கிக் குத்தினாள். சளக்கென்றது. தண்ணீர் பீறிட்டு அவள் மூஞ்சியில் அடித்து, சூப்பர்வைசரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது.

மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தாள். சேறு தண்டவாளத்துக்கடியில் வழிந்தது. கோணிச்சாக்கைத் திணித்தாள், தண்ணீர் மற்ற இரண்டு குழிகளிலும் கிளம்பியது. வந்துகொண்டிருந்த வண்டியைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு ஒரு தலை நீண்டது.

"ஏம்மா, கிணறு வெட்டுறீங்களா?"

"இறங்கிக் குளிச்சிட்டு வரலாமா?"

"சோப்பு நீங்க கொண்டு வாங்க" என்றாள் அவள்.

பெரிய ஆபீசர் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்து வந்து சேர்ந்தார். "ரயில் போற லைன்ல யாருய்யா நீச்சல் குளம் கட்டினது?"

"இவங்கதான் சார்" என்றார் சூப்பர்வைசர். "காஞ்ச தரை சார். பைப்பை உடைச்சு இவங்களே சேறு பண்ணிட்டு, சேறு இருக்குன்னு சொல்றாங்க."

"இப்பத்தான் கேபிள்னீங்க. அதுக்குள்ள பைப் ஆயிடுச்சா?"

ஆபீசர் நெற்றியைச் சுருக்கினார். "வரைபடத்துல இங்க பைப்பே கிடையாதே."

"எவனோ திருட்டுத்தனமா லைனுக்கு அடியில கொண்டுபோயிருக்கான் சார். அது ரொம்ப நாளா ஒழுகித்தான் இங்க சேறு. நான் உடைக்கறதுக்கு முன்னாடியே."

"ஆதாரம்?"

"பைப்புக்குச் சொந்தக்காரனைப் பிடிங்க. எப்பத்திலேருந்து தண்ணி குறைஞ்சதுன்னு அவனே சொல்வான்."

மூஞ்சியெல்லாம் சேறு. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள். சூப்பர்வைசர் ஏனோ வானத்தைப் பார்த்தார்.

"பிடிக்கறேன்" என்றார் ஆபீசர். "எவனா இருந்தாலும் விடமாட்டேன், வேலையை விட்டே தூக்கறேன். ஆனா அதுவரைக்கும் பெட்டி ஸ்டோர்ல, நீ ஆபீஸ்ல."

ஆபீசரின் கார் டிரைவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஐயா, வீட்டுலேருந்து அம்மா பேசுறாங்க. மூணு மாசமா சொட்டுச் சொட்டா வந்த தண்ணி இப்ப சுத்தமா நின்னுபோச்சாம், தலை நிறைய ஷாம்பூவோட நிக்கறாங்களாம். நம்ம சூப்பர்வைசர் லைனுக்கு அடியில போட்டுக் குடுத்தாரே அந்தப் பைப்பு, அதுக்கு என்ன ஆச்சுன்னு உடனே பாக்கச் சொல்றாங்க."