கறுப்பு அட்டை நோட்டும் பிள்ளைச்சாவடி மோட்டாரும்

கையில் எடுத்துப் போக ஒரு நோட்டு வாங்குவதில்கூட ஒருத்தன் தோற்க முடியும். நான் தோற்றேன், அதுவும் முழு நம்பிக்கையோடு (பி.ஏ. பாஸ் செய்த சூடு அப்போது ஆறவில்லை).

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரி நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் என்னைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்.

"பிள்ளைச்சாவடியில காணாமப் போன படகு இன்னிக்குக் காலைல கரை சேந்துடுச்சாம். போனவங்க வாயாலயே கதையக் கேட்டு எழுதிட்டு வா. சாயந்தரத்துக்குள்ள வந்தா வேலை. இல்லன்னா இந்தப் பக்கமே வராத."

நிருபருக்கு முதலில் வேண்டியது நோட்டு என்று முடிவு கட்டி, நேரு வீதி ஸ்டேஷனரி கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் மேல்பக்கமாகப் புரட்டும் ஷார்ட்ஹேண்ட் நோட்டை எடுத்துப் போட்டார்.

"பத்திரிகைக்காரங்க எல்லாம் இதான் தம்பி வாங்குவாங்க."

"எனக்கு ஷார்ட்ஹேண்டே தெரியாதுண்ணே, இது எதுக்கு?"

சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டைக் காட்டினார். அதை வைத்திருந்தால் பஸ் கண்டக்டர் என்று டிக்கெட் கேட்பார்களே! தள்ளிவிட்டேன். பிறகு கண்ணில் பட்டது அது. கெட்டிக் கறுப்பு அட்டை, தாள் ஓரமெல்லாம் சிவப்புச் சாயம், பக்கத்துக்கு அடையாளம் வைக்க ஒரு ரிப்பன். நின்றுகொண்டே எழுதலாம். கடல் காற்றுக்குத் தாள் பறக்காது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிள் மிதிக்கலாம்.

கடைக்காரர் என் வெள்ளை முழுக்கைச் சட்டையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எடுத்துக்கிட்டு எங்க தம்பி போறீங்க?"

"பிள்ளைச்சாவடி."

"நல்லபடியா போயிட்டு வாங்க," என்று சிரித்தார் (என் ரசனைக்குக் கிடைத்த பாராட்டாம், நினைப்பு அப்படி).

கரையில் படகைச் சுற்றி ஒரே கூட்டம். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க பட்ட கஷ்டத்த எங்கிட்ட மனசு விட்டுச் சொல்லுங்க."

படகுக்காரர் ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, கோச்சிக்காதீங்க. எங்களுக்கு எல்லையம்மன் இருக்கா. நாங்க மாறுறதா இல்ல."

"மாறுறதா? நான் பத்திரிகையிலேர்ந்து வரேங்க!"

"போன வாரம் வந்த பாஸ்டரும் மொதல்ல இப்படித்தான் கஷ்டத்தக் கேட்டாரு," என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

குனிந்து பார்த்தேன். நான் அணைத்துப் பிடித்திருந்த நோட்டு அசல் பைபிள் மாதிரியே இருந்தது. திறந்து வெற்றுத்தாளைக் காட்டுவதற்குள் ஏழுமலையின் மனைவி அஞ்சலை குறுக்கே வந்தார்.

"எந்த சாமியா இருந்தா என்னாயா? பாழாப்போன மோட்டாரு நடுக்கடல்ல நின்னதாலதான இவ்ளோ அவஸ்தை? அது மேல ஒரு கைய வச்சுட்டுப் போவட்டும்."

என் மூளை வேலை செய்தது. "வச்சா, கடல்ல நடந்ததச் சொல்வீங்களா?"

"வைங்க, சொல்றோம்."

கையை வைத்துக் கண்ணை மூடினேன். ஜெபம் எதுவும் தெரியாது. வாயில் வந்தது, 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்' என்று காலேஜில் உருப்போட்ட பிரெஞ்சு வாய்பாடுதான். "ழ சுய்... து ஏ... இல் ஏ..." என்று உருகினேன். "நு சோம்" வரும்போது எனக்கே குரல் தழுதழுத்தது.

ஏழுமலை கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது!

அவ்வளவுதான். காய்ச்சல் குழந்தை, முட்டை போடாத கோழி, பல்வலிக்காரி என்று வரிசை கட்டிவிட்டார்கள்.

"கதை சொல்றேன்னீங்களே?"

"மொதல்ல இவ பல்லுக்கு ஒரு கைய வைங்க ஐயா!"

வைத்தேன், வைத்தேன், பொழுது சாயும்வரை வைத்தேன். அதற்குள் படகு நிழலில் ஏழுமலையை உட்காரவைத்து, வேறொரு ஆள் ஷார்ட்ஹேண்ட் நோட்டில் முழுக் கதையையும் எழுதி முடித்திருந்தான்.

மறுநாள் ஆசிரியர் போட்டிப் பத்திரிகையை எனக்கே வாசித்துக் காட்டினார். "பழுதான மோட்டார், நகரிலிருந்து வந்த இளம் போதகர் ஜெபித்ததும் இயங்கியது." மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன்ன செய்தி எழுதத்தானய்யா அனுப்பினேன்?"

வேலை போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. உழவர்கரையிலிருந்து என்னைப் பற்றி விசாரிக்க வந்த பெண் வீட்டாரின் முதல் கேள்வி, "மாப்ள பாஸ்டராமே?" அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றும் ஸ்கூட்டர் முரண்டு பிடித்தால் மெக்கானிக்கைத் தேட மாட்டாள். "பாஸ்டர், கொஞ்சம் வெளிய வாங்க!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். போய்க் கண்ணை மூடி, "ழ சுய்" சொல்லிக் கையை வைப்பேன். பாதி நேரம் கிளம்பிவிடும். மீதி நேரம் டேங்கில் பெட்ரோல் இருக்காது, அதற்கு நான் என்ன செய்ய?